சிவம் கேட்ட பாடம்

மகனே, இதை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டு முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை போனை எடுத்தேன். மூன்று முறையும் "சாப்ட்டியாடா, அங்க மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மில் வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் மைக் இல்லாமல் பேசிய ஆளா நீ என்று உன் அம்மா குத்திக் காட்டுகிறாள். அவள் சொல்வதும் சரிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாய். வெளிநாட்டில் வேலை, மூன்று வருஷ கான்ட்ராக்ட், அடுத்த மாதம் பிளைட் என்று சொன்னாய். மொத்தம் நாற்பது நிமிஷம் இருந்தாய். வஞ்சிரம் வாங்கி வரட்டுமா என்று உன் அம்மா கேட்டதற்கு, வேண்டாம்மா, வண்டி நிக்குது என்றாய். பேச்சு ஓடவில்லை. நமக்குள் எப்போது ஓடியது? சும்மா ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "அந்த மன்றம்லாம் இன்னும் இருக்காடா?" என்றேன். "எந்த மன்றம்?" என்றாய். "அதாண்டா, பாடம்லாம் எழுதுவியே." நீ காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சுப்பா" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலை. செத்துப்போன ஒருவரைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொன்னாய். வண்டி தெருமுனை திரும்பியதும் உன் அம்மா என்னைப் பார்த்து, "இப்பவாவது சொல்லுவியாய்யா, இல்ல உங்கூடவே எடுத்துக்கிட்டுப் போவியா?" என்றாள். அன்று ஆரம்பித்தது இந்தக் கடிதம். ஐந்து நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் நான் என்ன புத்தியில் வாழ்ந்தவன் என்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் சொல்லிக் கேட்டதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, பத்தொன்பது வயதில் மில்லில் பதிலி ஆளாகச் சேர்ந்தேன். யாராவது வராத அன்றைக்கு அவன் தறியில் நிற்பவன்தான் பதிலி. நிரந்தரமாக ஏழு வருஷம் ஆனது. சங்கத்தில் சேர்ந்த அன்றே ஒன்று கற்றுக்கொண்டேன்: கூலி இல்லாமல் சுண்டு விரலைக்கூட அசைக்காதே. நீ இன்று ஓசியில் செய்தால், நாளை அவன் பக்கத்துத் தறிக்காரனையும் ஓசியில் செய்யச் சொல்வான். இது எனக்கு வேதம் மாதிரி. ஷிப்ட் முடிந்து பத்து நிமிஷம் கூட நின்று பஞ்சைக் கூட்டச் சொன்னதற்கு மேஸ்திரியோடு சண்டை போட்டு மூன்று நாள் சஸ்பெண்டில் இருந்தவன் நான். நீ மூன்றாவது படிக்கும்போது நாலு மாசம் ஸ்ட்ரைக்கில் மில் முடங்கிக் கிடந்ததே, நினைவிருக்கிறதா? காலையில் கஞ்சி, ராத்திரியும் கஞ்சி. அப்போது நம் தெருவிலிருந்து ஒருத்தன் பின் வாசல் வழியாக வேலைக்குப் போய்விட்டான். கருங்காலி என்று அவன் வீட்டுக் கதவில் நானே கரியால் எழுதினேன். அதன் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பெண்சாதிக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருந்தது, அதனால்தான் போனான் என்று பிறகு தெரிந்தது. தெரிந்தும் பேசவில்லை. அவன் சாவுக்கும் போகவில்லை. உன் அம்மா மட்டும் போய் வந்தாள். இதையெல்லாம் பெருமைக்கு எழுதவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தன் கையில்தான் நீ மாட்டினாய் என்பதற்காக எழுதுகிறேன்.

மில்லில் விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பினார்கள். யார் விருப்பம் என்று கேட்காதே. வந்த பணத்தில் உன் அக்கா கல்யாணம் போக மிச்சம் கொஞ்சம்தான். நீ பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். கம்ப்யூட்டர் வேண்டும் என்று நீ வாய் திறந்து கேட்கவில்லை, உன் அம்மாதான் கேட்டாள். உப்பளத்தில் ஒரு ஆபீசில் பழைய மிஷின்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அதில் ஒன்றை எடுத்தோம். டிவி மாதிரி இருந்த பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, நீ ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் பிடித்தபடி முதலியார்பேட்டை வரை நடந்தே வந்தோம். வழியில் ரெண்டு இடத்தில் நிறுத்தி, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாய். அன்று நீ என்னோடு பேசியது மாதிரி அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் அந்தப் பெட்டியை வாங்கியது. அதையும் நானே கெடுத்தேன்.

போன் லைனில் சொருகி, கீச்சுக் கீச்சென்று கத்தவிட்டு, நீ இன்டர்நெட்டில் அந்த மன்றத்துக்குள் போவாய். தமிழில் புரோகிராம் எழுதிப் பழக ஆசைப்பட்டவர்கள் கூடுகிற இடம் என்று சொன்னாய். யாருக்கும் அது பிழைப்பு இல்லை. ஒருத்தர் மளிகைக்கடை, ஒருத்தர் பஸ் கண்டக்டர், காரைக்காலில் ஒரு டீச்சரம்மா, மலேசியாவில் ஒருத்தர், பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் சிவம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். "பாடம் தேவை" என்று ஒரு பகுதி. யாருக்கு எது தெரிய வேண்டுமோ அதைக் கேட்டு எழுதுவார்கள், தெரிந்தவர் பாடமாக எழுதிப் போடுவார். நீ அங்கே உப்பாறு என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாய். "ஊரு சாக்கடைலாம் ஓடுற வாய்க்கா பேராடா கெடச்சுது?" என்று கேட்டேன். "நம்ம ஊர்ல நிக்காம ஓடுறது அது ஒண்ணுதாம்பா" என்றாய். சிரித்தேன். என் மகனுக்கு என்ன வாய் என்று பெருமையாகத்தான் இருந்தது.

உன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானும் படிப்பேன். ஒரு பந்து சுவரில் பட்டு எப்படித் திரும்புகிறது என்று நீ எழுதிய பாடம் எனக்கே புரிந்தது. மில் காம்பவுண்டு சுவரில் ரப்பர் பந்தை அடித்து விளையாடியதை வைத்து அதை எழுதியிருந்தாய். தமிழில் தட்டவும் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். இங்கிலீஷ் எழுத்தில் ஏ தட்டினால் அ, ரெண்டு ஏ தட்டினால் ஆ. என் பெயரை நானே தட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. நீ கை தட்டினாய். அதன் பிறகு ஒரு நாள் கேட்டேன், "இதுக்கெல்லாம் எவ்ளோடா குடுக்கறாங்க?" "யாரும் எதுவும் குடுக்க மாட்டாங்கப்பா. கேட்டாங்க, எழுதறேன்." "கேட்டா எழுதிடுவியா?" "தெரிஞ்சா எழுதுவேன்." அன்றைக்கு அதோடு விட்டேன். ஆனால் மனசுக்குள் அது அரித்துக்கொண்டே இருந்தது. அப்போது நான் ஒரு அரிசி குடோனில் வாட்ச்மேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கே எனக்குச் சம்பளம் தருகிறார்கள், என் மகன் ராவும் பகலும் மூளையைக் கசக்கி எழுதுவதற்கு ஒரு டீ கூட இல்லையா என்று தோன்றும்.

பிறகு அந்த ஜெராக்ஸ் விஷயம் வந்தது. குடோன் கணக்குப்பிள்ளையின் மகள் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சுளையாக ஃபீஸ் கட்டியிருந்தார் மனிதர். ஒரு நாள் அவள் கையில் ஸ்டேப்லர் அடித்த நோட்ஸ் ஒன்று இருந்தது. வாங்கிப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் பந்து, அதற்குப் பக்கத்தில் மில் சுவர். ஒரு எழுத்து மாறவில்லை, மகனே. உப்பாறு என்ற பெயரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, கிளாஸ் நடத்துகிறவன் தன் பெயரைப் போட்டிருந்தான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஓடி வந்து உன்னிடம் சொன்னால், நீ சிரிக்கிறாய். "போவட்டும்பா, யாரோ படிக்கிறாங்க இல்ல" என்கிறாய்.

அன்று நான் பேசிய பேச்சை நீ மறந்திருக்க மாட்டாய். "ஓசியில குடுத்தா பினாயிலையும் குடிப்பானுங்க. நீ எழுதறே, அவன் வித்துத் திங்கறான். கூலி கேக்காதவன் தன் வயித்துல மட்டும் அடிக்கலடா, அடுத்தவன் வயித்துலயும் அடிக்கிறான். இதுக்குப் பேரு என்னா தெரியுமா? கருங்காலி. எம் வூட்டுலயே ஒரு கருங்காலி." உன் அம்மா உள்ளேயிருந்து, "யோவ், புள்ளையப் போய் என்னா வார்த்த சொல்றே" என்று ஓடி வந்தாள். நீ மிஷினை அணைத்துவிட்டு, அதன்மேல் துணியைப் போட்டு மூடினாய். அந்த வார்த்தைக்கு நம் வீட்டில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். மூன்றாவது படிக்கும்போதே கரிக்கட்டையோடு நின்ற என்னைப் பார்த்தவன்தானே நீ. திருடன் என்று சொல்லியிருந்தால்கூட உனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த வாரம் புராஜெக்ட் விஷயமாக நீ சென்னைக்குப் போனாய், பத்து நாள். நீ இல்லாதபோது நான் அந்த மிஷினைத் திறந்தேன். நீ எப்படிச் செய்வாயோ அப்படியே ஒவ்வொன்றாக அழுத்தினேன். மன்றம் திறந்தது. பாஸ்வேர்டு கேட்கும், தெரியாது என்று விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அது கேட்கவே இல்லை, உப்பாறு வருக என்று உள்ளே விட்டது. "பாடம் தேவை" பகுதியில் உனக்கென்று ஒன்று வந்திருந்தது. சிவம் எழுதியிருந்தார். "தம்பி, என்ர மகளுக்கு அ, ஆ பழக்க ஒரு சின்ன விளையாட்டுச் செய்து பாக்கிறன். அவளுக்கு நாலு வயசு. இஞ்ச தமிழ் படிக்கப் பள்ளிக்கூடம் இல்லை. எழுத்து ஒவ்வொண்டா ஆடிக்கொண்டு வாற மாதிரி வரவேணும். அந்த வித்தை உமக்குத்தான் தெரியும். ஒரு பாடம் எழுதித் தர ஏலுமோ? அவசரமில்லை." நான் ரெண்டு முறை படித்தேன். என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று: வெளிநாட்டுக்காரன், காசு உள்ளவன், ஓசியில் கேட்கிறான்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பதில் தட்டினேன். நீ சொல்லிக் கொடுத்த எழுத்தில், நான் தனியாக எழுதிய முதல் கடிதம் அது. "இனிமேல் இலவசமாக எழுத முடியாது. உழைப்புக்குக் கூலி வேண்டும். ஒரு பாடம் ஐந்நூறு ரூபாய். பணம் வந்த பிறகுதான் பாடம் வரும். நீங்கள் வெளிநாட்டில் சம்பாதிக்கிறீர்கள், உங்களுக்கு இது பெரிய தொகை இல்லை." கீழே உன் நிஜப் பெயரையும் நம் வீட்டு விலாசத்தையும் போட்டு, மணியார்டர் அனுப்பவும் என்று எழுதினேன். அழுத்தினேன், போய்விட்டது. எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். ஒரு கோரிக்கை மனுவை ஜெயித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டிக்குக்கூட ஊதி முடித்த பிறகு அவ்வளவு திருப்தி இருந்திருக்காது.

மறுநாள் திறந்து பார்த்தேன். வரிசையாகப் பதில்கள். கண்டக்டர் எழுதியிருந்தார்: "உப்பாறு, உனக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்தது யார் என்று மறந்துவிட்டாயா? ஒரு வருஷம் உன் தப்பை எல்லாம் வரி வரியாகத் திருத்திக் கொடுத்தவரிடமா காசு கேட்கிறாய்?" டீச்சரம்மா, "இதை உங்களிடம் எதிர்பார்க்கவில்லை" என்று ஒரே வரி. மலேசியாக்காரர் கேலியாக ஏதோ எழுதியிருந்தார், இங்கே எழுதக் கூசுகிறது. கடைசியில் சிவம். "விளங்குது தம்பி." அவ்வளவுதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உனக்கு அந்த வித்தையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது நான் கேட்டிருக்கிறேனா? பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ திரும்பி வந்தாய், பையைக்கூடக் கழற்றாமல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாய். நான் குடோனுக்குக் கிளம்புகிற மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். நீ எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை படித்தாய், மறுபடியும் மேலே போனாய். திரும்பிப் பார்க்காமல், "நீயாப்பா எழுதுன?" என்றாய். "ஆமா, நாந்தான். இன்னா இப்போ? நாயந்தான கேட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. நீ திரும்பாமலே இருந்ததும் பயம் வந்துவிட்டது. "வேணும்னா எங்கப்பன் எழுதிட்டான், எனக்குத் தெரியாதுன்னு போட்டுடேன்டா" என்றேன். நீ அப்போதுதான் திரும்பினாய். "எங்கப்பா இப்படின்னு நானே ஊருக்குச் சொல்லணுமா?" என்று கேட்டாய். கத்தவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. மன்றத்தில் ஒரு வார்த்தை பதில் எழுதாமல் வெளியே வந்தாய். அதன் பிறகு அங்கே நீ போகவே இல்லை. எழுதியது நீதான் என்று அத்தனை பேரும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாய். என் மானத்தைக் காப்பாற்ற உன் பேரைக் கொடுத்தாய். இருபது வயசுப் பிள்ளை செய்த காரியம் அது. நான் செய்திருக்க மாட்டேன்.

இதுவரை உனக்குத் தெரிந்தது. இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் தபால்காரர் வந்தார். நீ காலேஜில், உன் அம்மா நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலையில். உன் பெயருக்கு மணியார்டர், ஐந்நூறு ரூபாய். பையன் சார்பில் நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சென்னையில் வளசரவாக்கத்திலிருந்து வந்திருந்தது. சிவத்தின் மச்சான் அங்கே இருக்கிறார் போல. அடியில் சேதி எழுதுகிற துண்டுச் சீட்டில் நுணுக்கி எழுதியிருந்தது: "என் மச்சான் சிவம் அனுப்பச் சொன்னது. பாடத்துக்கான பணம். தம்பி வீட்டில் கஷ்டம் போலும், இல்லாவிட்டால் அப்படிக் கேட்கிற பிள்ளை இல்லை, மனம் நோகாமல் கொடுக்கச் சொன்னார். பாடம் மெதுவாக வரட்டும்."

அந்த மனுஷன் கோபித்துக்கொள்ளவே இல்லை, மகனே. நீ இத்தனை வருஷமாக, சிவம் அண்ணன் என்னைக் கேவலமாக நினைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் நினைக்கவில்லை. வீட்டில் கஷ்டம் என்று புரிந்துகொண்டார். விளங்குது தம்பி என்று அவர் எழுதியதற்கு அதுதான் அர்த்தம். உன்னிடம் அன்றைக்கே அந்தச் சீட்டைக் காட்டியிருந்தால், நீ அன்றைக்கே உட்கார்ந்து பாடத்தை எழுதியிருப்பாய், மன்றத்துக்குத் தலை நிமிர்ந்து போயிருப்பாய். நான் காட்டவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். வெட்கம் ஒரு காரணம். ஆனால் நிஜமான காரணம், நீ மறுபடியும் ஓசிக்கு எழுத உட்கார்ந்துவிடுவாய் என்ற பயம். மிஷின்மேல் துணி போட்டு மூடியே கிடந்தது, நீ பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாய், வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாய். அப்பாடா, பிள்ளை வழிக்கு வந்தான் என்று நான் இருந்தேன். அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். சீட்டைச் சங்கப் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.

பணத்தை என்ன செய்தேன் என்று கேட்பாய். சென்னையில் இன்டர்வியூ என்று கிளம்பினாயே, அப்போது உனக்கு ஷூ வாங்கினேன். "ஏதுப்பா காசு?" என்றாய். சீட்டுப் பணம் எடுத்தேன் என்றேன். நீ அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போனாய், வேலையும் கிடைத்தது. தெருவெல்லாம் லட்டு கொடுத்தேன். உன் அம்மாவிடம்கூட இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னேன். புத்தகத்தைத் தட்டி வைக்கும்போது அவள் கையில் அந்தத் துண்டுச் சீட்டு கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் என் தட்டில் சோறு போடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது எதிர்வீட்டு செல்வி ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணா, இந்த ஒரு புரோகிராம் மட்டும் புரியல, சொல்லித் தர்றீங்களா?" என்றாள். நீ செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கிளாசுக்குப் போம்மா. காசு குடுத்துப் படிச்சாதான் மண்டையில ஏறும்" என்றாய். அந்தப் பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். என் வார்த்தை, என் குரல், அப்படியே உன் வாயிலிருந்து வந்தது. கேட்டதும் எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றேன். இருமல் என்று நினைத்து உன் அம்மா வெந்நீர் கொண்டு வந்தாள்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன்காரன், ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பதிலியாகச் சேர்ந்த முதல் வாரம், தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடத் தெரியாமல் அழுதுகொண்டு நின்றேன். பக்கத்துத் தறிக்காரர் தன் தறியை விட்டுவிட்டு வந்து, என் விரலைப் பிடித்து முடிச்சுப் போடப் பழக்கினார். அந்த நேரத்துக்கு அவர் தறி நின்றது, அவர் கூலியில் பிடித்தார்கள். பீஸ் கணக்கு அது, நெய்த அளவுக்குத்தான் கூலி. அவர் என்னிடம் ஒரு டீ கேட்கவில்லை. அடுத்து வந்த பதிலிக்கு நானும் அப்படித்தான் பழக்கினேன். மில்லில் அத்தனை பேரும் அப்படித்தான் வேலை கற்றோம். அதை யாரும் ஓசி என்று சொன்னதில்லை. இதையெல்லாம் வாழ்ந்துவிட்டு, முதலாளியிடம் கேட்க வேண்டிய கூலியைப் பக்கத்தில் நிற்கிற தோழனிடம் போய்க் கேட்டேன். உன் பாடத்தைத் திருடி விற்றவன் டவுனில் கல்லாப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. யாரிடம் கூலி கேட்பது என்று தெரியாதவனுக்குச் சங்கம் எதற்கு? நீ போகிற தேசத்தில் உன் உழைப்புக்கு ஒரு காசு குறைத்தாலும் விடாதே, கேட்டு வாங்கு. ஆனால் பக்கத்தில் நின்று, இது எப்படி என்று ஒருத்தன் கேட்டால் சொல்லிக் கொடு. அவனிடம் என்னை மாதிரி பேசாதே.

நானே சரி செய்யலாம் என்று பார்த்தேன். முந்தாநாள் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மன்றத்தின் பெயரைச் சொன்னேன். அவள் தட்டித் தட்டிப் பார்த்தாள். "அந்தப் பேஜே இல்ல சார், எப்பவோ மூடிட்டாங்க போல" என்றாள். வேறு எப்படியாவது பார் என்றேன். நாலைந்து விதமாகப் பார்த்தாள், பாவம். நீ எழுதிய நாற்பது பாடமும் போய்விட்டது. நான் எழுதிய அந்த ஒன்றும் அதோடு போயிருக்கும். படித்தவர்களுக்கு மறந்திருக்காது.

இதோடு அந்தத் துண்டுச் சீட்டை வைத்திருக்கிறேன். வளசரவாக்கம் விலாசம் அதில் இருக்கிறது. உன் ரூமிலிருந்து ரெண்டு பஸ் மாறினால் போய்விடலாம். பிளைட் ஏறுவதற்கு முன்னால் போ. அந்த மச்சான் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா, தெரியாது. இருந்தால், சிவம் எங்கே என்று கேள். அன்றைக்கு எழுதியது நான் இல்லை, எங்கப்பன் என்று சொல். பணத்தை வாங்கி மறைத்ததும் அவன்தான் என்று சொல். ஊருக்குச் சொல்லாமல் ஐந்து வருஷம் என்னைக் காப்பாற்றினாய், போதும். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அது உன் இஷ்டம். நீ ஊருக்கு வராமலே பிளைட் ஏறினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், உன் அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளாதே. வாழ்க்கை முழுக்கக் கூலி இல்லாமல் வேலை இல்லை என்று கத்தினேன், கடைசியில் கூலியை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைக் கொடுக்காதவன் ஆனேன். எங்கள் சங்கத்தில் கருங்காலிக்குப் பேர் இருந்தது, இப்படிப்பட்டவனுக்குப் பேர்கூட வைக்கவில்லை. பாடத்தை எழுது. அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது நடக்கும். அ, ஆ பழகுகிற வயது தாண்டியிருக்கும். தமிழ் படித்தாளோ, படிக்காமலே வளர்ந்துவிட்டாளோ, எனக்குத் தெரியாது. அவளுக்கு இனிமேல் வேண்டாம் என்றாலும் எழுது. கூலி வாங்கியாச்சு.

அப்பா